க்யூகேடி பெட்டியா, எம்எல்-கெம் அப்டேட்டா? பெங்களூரு ரேக்குகளுக்கு ஒரு மதிப்பீடு

எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு டேட்டா சென்டர், ஒயிட்ஃபீல்டில் இன்னொன்று, சென்னையில் டிஆர் சைட் (பேரிடர் வந்தால் கைகொடுக்கும் மாற்று மையம்). பெங்களூருவில் நம்மவர்கள் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க்குகள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. இவற்றைக் குறிவைத்து இப்போது இரண்டு சரக்குகள் வருகின்றன. ஒன்று, ஜோடியாக ரேக்கில் ஏற்றும் க்யூகேடி பெட்டி, அதாவது ஃபோட்டான் வழியாகச் சாவி அனுப்பும் கருவி. மற்றொன்று, இருக்கிற ஃபயர்வால், விபிஎன், வெப் சர்வர்களுக்கான போஸ்ட்-குவாண்டம் அப்டேட், அதாவது குவாண்டம் கணினிக்கும் அசையாத சாவி முறையான எம்எல்-கெம். இரண்டின் பிரசுரத்திலும் ‘குவாண்டம் பாதுகாப்பு’ என்றே அச்சாகியிருக்கும். ஆனால் எதை நம்பிப் பூட்டுகிறோம் என்பது இரண்டிலும் வேறு, எங்கே கெடும் என்பதும் வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அப்டேட்டை இந்த ஆண்டே போடுங்கள். க்யூகேடி பெட்டி, இரண்டு முனையும் உங்கள் காவலில் இருக்கிற, 50 கி.மீ.க்குள் அடங்குகிற, டார்க் ஃபைபர் (வேறு யாரும் ஓட்டாத தனி இழை) கையில் உள்ள ஒரே ஒரு இணைப்புக்கு வேண்டுமானால் பொருந்தும். சென்னை இணைப்புக்கு வேண்டவே வேண்டாம்.

பிரச்சினையின் வேர் சாவிப் பரிமாற்றத்தில் இருக்கிறது. டிஃபி-ஹெல்மன் (1976), ஆர்எஸ்ஏ (1977), பின்னால் வந்த நீள்வட்ட வளைவு முறைகள் எல்லாமே இரண்டு கணக்குகளின் கடினத்தை நம்பியவை: பெரிய எண்ணைப் பகா எண்களாகப் பிரிப்பது, மடக்கையைத் திரும்பக் கண்டுபிடிப்பது. பீட்டர் ஷோர் 1994-இல் காட்டிய வழிமுறை, போதுமான அளவு குவாண்டம் கணினி ஒன்று இருந்தால் இரண்டையுமே எளிதாக்கிவிடும். ஆர்எஸ்ஏ-2048-ஐ உடைக்க 2 கோடி க்யூபிட் (குவாண்டம் பிட்), 8 மணி நேரம் என்று 2019-இல் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் ஏகெராவும் கணக்குப் போட்டார்கள். 2025 மே மாதம் கிட்னியே அதை 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட், ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம் என்று திருத்தினார். அப்படி ஒரு இயந்திரம் இன்று எங்கும் இல்லை. ஆனால் இன்று ஃபைபரில் ஓடுவதை அப்படியே பதிந்து வைத்துக்கொண்டு, பத்து வருஷம் கழித்து உடைத்துப் படிக்கலாம். மருத்துவப் பதிவு, ஆதார் இணைந்த கேஒய்சி, வடிவமைப்புக் கோப்பு மாதிரி நீண்ட காலம் ரகசியமாக இருக்க வேண்டியவை வைத்திருப்பவர்களுக்குக் கவலை இன்றைக்கே உண்டு. தரவைப் பூட்டும் ஏஇஎஸ்-256-க்கு இந்த ஆபத்து இல்லை. குரோவரின் 1996 வழிமுறை அதன் வலுவைக் காகிதத்தில் பாதியாக்கினாலும் மிச்சமிருப்பதே தாராளம்.

எம்எல்-கெம் பழைய பாதையில்தான் போகிறது, கணக்கை மட்டும் மாற்றிக்கொள்கிறது. பகா எண்ணுக்குப் பதில் லேட்டிஸ், அதாவது பல பரிமாணப் புள்ளி வலைக் கணக்கு. அமெரிக்காவின் நிஸ்ட் 2024 ஆகஸ்டில் எஃப்ஐபிஎஸ் 203 என்ற எண்ணில் இதைத் தரமாக்கியது. கையொப்பத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏ (204), எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ (205) இரண்டும் அதே நாளில் வந்தன. இதன் பாதுகாப்பு நிரூபணம் அல்ல, அனுமானம். ‘இந்தக் கணக்கை வேகமாகப் போட இதுவரை யாருக்கும் வழி தெரியவில்லை’ என்பதுதான் அடித்தளம். அப்படிப்பட்ட அடித்தளம் சரிந்ததும் உண்டு. நிஸ்ட் போட்டியில் நான்காம் சுற்று வரை வந்த சைக் என்ற முறையை 2022-இல் காஸ்ட்ரிக், டெக்ரூ இருவரும் ஒரே ஒரு சிபியு கோரில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். குவாண்டம் கணினிக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. லேட்டிஸ் கணக்குகள் அதைவிட நெடுங்காலம் ஆராயப்பட்டவை என்றாலும், எம்எல்-கெம்மைத் தனியாகப் போடாமல் இன்று புழங்கும் நீள்வட்ட வளைவு முறையான எக்ஸ்25519-உடன் சேர்த்துக் கலப்பாகப் போடச் சொல்வது இதனால்தான். இரண்டில் ஒன்று நின்றாலும் சாவி தப்பிக்கும்.

க்யூகேடி கணக்கையே ஒதுக்கிவிட்டு இயற்பியலைப் பிடித்துக்கொள்கிறது. அதன் மூல நெறிமுறையான பிபி84-ஐ சார்லஸ் பென்னட்டும் ஜில் பிராஸாரும் அறிவித்தது 1984 டிசம்பரில், இதே பெங்களூருவில் நடந்த ஐஇஇஇ மாநாட்டில். விற்பனைப் பிரதிநிதிகள் யாரும் இதைச் சொல்லாதது ஆச்சரியம்தான். அனுப்புபவர் ஒவ்வொரு பிட்டையும் இரண்டு அடிப்படைகளில் (அளக்கும் இரு வழிகளில்) ஏதோ ஒன்றில், குருட்டாம்போக்கில் தேர்ந்து, ஃபோட்டானில் ஏற்றுகிறார். பெறுபவரும் குருட்டாம்போக்கில் ஒரு அடிப்படையைத் தேர்ந்து அளக்கிறார். பிறகு எந்த அடிப்படை என்பதை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு, பொருந்தாதவற்றைத் தள்ளுகிறார்கள். பாதி போகும், பாதி மிஞ்சும். நடுவில் ஒருவர் ஃபோட்டானைப் பிடித்து அளந்து, புதிதாக ஒன்றைச் செய்து அனுப்பினால், பாதி நேரம் அவர் தவறான அடிப்படையில் அளந்திருப்பார். அதனால் மிஞ்சிய பிட்டுகளில் 25 சதவீதம் பிழை விழும். தெரியாத குவாண்டம் நிலையை நகலெடுக்க முடியாது என்பது 1982-இலேயே நிரூபணமான தேற்றம். எனவே அவரால் ஒரு பிரதியை ஒதுக்கி வைத்துக்கொள்ளவும் வழியில்லை.

பெட்டியின் திரையில் நீங்கள் பார்க்க வேண்டிய எண் இந்தப் பிழை விகிதம், க்யூபர். நன்றாக ஓடும் இணைப்பில் 1 முதல் 4 சதவீதம் வரை நிற்கும். பிபி84-க்குக் கோட்பாட்டு எல்லை சுமார் 11 சதவீதம். அதைத் தாண்டினால் சாவியே பிறக்காது. எல்லைக்குள் இருந்தாலும், பிழை எல்லாமே ஒட்டுக்கேட்பவரால் வந்தது என்று வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரிந்திருக்கக்கூடிய அளவுக்குச் சாவியைச் சுருக்கிவிடுவார்கள். எதிராளியிடம் எவ்வளவு பெரிய கணினி இருந்தாலும் இந்த வாதம் அசையாது. கொள்கை அளவில் மரபு முறைகளிடம் இல்லாத பலம் இது. இதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சந்தேகமெல்லாம் கொள்கையிலிருந்து பெட்டிக்கு இறங்கும் இடத்தில்தான். முதலில், பெட்டி தருவது சாவி மட்டும். 50 கி.மீ. தூரத்தில் நொடிக்குச் சில ஆயிரம் பிட் முதல் சில லட்சம் பிட் வரை, விலையைப் பொறுத்து. ஷேனன் நிரூபித்த, உடைக்கவே முடியாத ஒருமுறைச் சாவி முறைக்கு ஒரு ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு நூறு கோடி பிட் சாவி வேண்டும். அது நடக்காது. ஆகவே அந்தச் சாவியை எடுத்து ஏஇஎஸ்-256-க்குத்தான் ஊட்டுகிறார்கள். நொடிக்கு 2,000 பிட் வந்தால் ஏழு சாவி, அதுவே தேவைக்கு மேல். ஆனால் உங்கள் தரவைக் காப்பது கடைசியில் அதே பழைய ஏஇஎஸ். ‘இயற்பியல் விதியால் பாதுகாக்கப்பட்ட டேட்டா’ என்ற வாசகத்தில் ‘டேட்டா’ என்ற சொல்லை அடித்துவிட்டுப் படியுங்கள்.

அடுத்தது, எதிர்முனையில் இருப்பது உங்கள் பெட்டிதானா என்ற கேள்வி. அடிப்படைகளை ஒப்பிடும் வெளிப்படைச் சேனலில் ஆள்மாறாட்டம் நடந்தால் பிபி84 முழுவதும் வீண். இதற்கு வெக்மன்-கார்ட்டர் முறை அங்கீகாரம் உண்டு, அதுவும் நிரூபணமானது. ஆனால் அதற்கு இரு முனையிலும் முன்கூட்டியே ஒரு ரகசியச் சாவி இருக்க வேண்டும். அந்த முதல் சாவியை யார் ஏற்றினார், யூஎஸ்பியிலா, கையால் தட்டினாரா, நிறுவ வந்தவரின் லேப்டாப்பில் நகல் இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்டதும் சில கூட்டங்களில் பேச்சு சட்டென்று வேறு பக்கம் திரும்பும். முதல் நாளைக்கு எம்எல்-டிஎஸ்ஏ கையொப்பம் வைத்துக்கொள்ளலாம், அது சரியான வழியும்கூட. அங்கீகார நேரத்தில் கையொப்பம் உடையாமல் இருந்தால் போதும், பின்னால் உடைந்தாலும் பழைய சாவிக்குச் சேதமில்லை. ஆனால் அப்போது மறுபடி கணக்கின் காலிலேயே போய் விழுகிறோம்.

மூன்றாவது, கருவி. ‘ஒற்றை ஃபோட்டான்’ என்று சொன்னாலும் கடையில் கிடைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் பலவீனப்படுத்திய லேசரைத்தான் வைத்திருக்கின்றன. சில துடிப்புகளில் இரண்டு ஃபோட்டான் வந்துவிடும். ஒன்றைத் திருடிவிட்டு மற்றதை விட்டால் பிழை ஏறாது. இதற்கு மருந்து, துடிப்பின் வலுவை மாற்றி மாற்றி அனுப்பும் டெக்காய் முறை. 2003 முதல் 2005-க்குள் உருவானது. டெக்காய் இல்லாமல் பிபி84 விற்க வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். டிடெக்டர் பக்கம் கதை இன்னும் மோசம். 2010-இல் வாடிம் மகரோவின் குழு, விற்பனையில் இருந்த இரண்டு க்யூகேடி கருவிகளின் டிடெக்டரைப் பிரகாசமான ஒளியால் குருடாக்கி, எந்த நேரத்தில் ‘க்ளிக்’ வர வேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானித்தார்கள். முழுச் சாவியும் கைக்கு வந்தது, க்யூபர் நகரவே இல்லை. இயற்பியல் தோற்கவில்லை. டிடெக்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று நிரூபணம் நம்பியதோ, அப்படி அது நடந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். இப்போது உள்வரும் ஒளியின் சக்தியைக் கண்காணிக்கும் சுற்றுகள் வந்துவிட்டன. அந்தச் சோதனையைச் சுதந்திரமான ஆய்வகம் செய்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி ஃபைபர். பெங்களூருவில் இதுதான் பணத்தையும் பொறுமையையும் தின்னும். எலக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் இடையே கேபிள் போகும் பாதை 40 கி.மீ. என்று வையுங்கள். சாலைத் தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஃபைபர் சுற்றிக்கொண்டுதான் போகும். காகிதத்தில் கி.மீ.க்கு 0.2 டெசிபெல் இழப்பு. களத்தில் பல இடத்தில் வெட்டி ஒட்டிய கேபிளுக்கு 0.25 என்று போடுவது நியாயம். அதுவே 10 டெசிபெல். நடுவில் ஆறு கனெக்டர், ஒவ்வொன்றும் 0.4 என்றால் இன்னும் 2.4. மொத்தம் 12.4 டெசிபெல், அதாவது அனுப்பிய 100 ஃபோட்டானில் ஆறு போய்ச் சேரும். பிரசுரத்தில் உள்ள சாவி வேகம் எந்த இழப்பில் அளந்தது என்று பாருங்கள். 5 டெசிபெல்லில் அளந்த எண்ணை முதல் பக்கத்தில் போடும் வழக்கம் உண்டு. மெட்ரோ வேலைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டும்போது கேபிள் அறுபடும், ஒட்டுவார்கள். சாதாரண இணைப்பு அதைக் கவனிக்கக்கூட மாட்டாது. இங்கே ஒட்டுகளால் ஒரு டெசிபெல் கூடினாலே ஃபோட்டான்களில் ஐந்தில் ஒன்று போச்சு. மரத்திலும் கம்பத்திலும் தொங்கும் கேபிள் என்றால் காற்றில் ஆட ஆட ஒளியின் முனைவாக்கம் மாறிக்கொண்டே இருக்கும். மழைக்கு முந்தைய சாயங்காலம் க்யூபர் வரைபடம் ரம்பம் மாதிரி எழும்பினால் ஒட்டுக்கேட்பவரைத் தேடுவதற்கு முன் கேபிள் பாதையைப் பாருங்கள். மண்ணுக்கடியில் டக்ட்டில் போகும் ஃபைபர்தான் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நல்லது.

வழியில் ஆப்டிகல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஃபோட்டானைப் பெருக்குவதும் நகலெடுப்பதும் ஒன்றுதான், தேற்றமே அதைத் தடுக்கிறது. அதே இழையில் வேறு அலைநீளத்தில் சாதாரண டிராஃபிக் ஓடினால் அந்த ஒளி இழையில் சிதறி (ராமன் சிதறல்) இரைச்சலாக டிடெக்டரில் வந்து விழும். சேர்த்து ஓட்டலாம் என்று சொல்லும் கருவிகள் உண்டு, தூரத்தில் குறைவைக் கொடுத்துத்தான் அது கிடைக்கும். ஃபைபர் கம்பெனி ஆள் பழுது பார்க்க ஓடிடிஆர் (ஒளித் துடிப்பு அனுப்பி அறுந்த இடத்தைக் காட்டும் கருவி) மாட்டுவதற்கு முன் பெட்டியைக் கழற்ற வேண்டும் என்று அவருக்கு எழுதிக் கொடுங்கள். அந்தத் துடிப்பு டிடெக்டருக்கு நல்லதல்ல.

சென்னைக்கு வருவோம். 350 கி.மீ., 0.2 வீதம் 70 டெசிபெல், கோடியில் ஒரு ஃபோட்டான். நொடிக்கு நூறு கோடி துடிப்பு, துடிப்புக்குச் சராசரி அரை ஃபோட்டான், 20 சதவீதத் திறனுள்ள டிடெக்டர் என்று தாராளமாக வைத்தாலும் நொடிக்குப் பத்து க்ளிக். சாதாரண இண்டியம்-காலியம் டிடெக்டர் இருட்டிலேயே, ஒளியே வராமல், நொடிக்கு நூற்றுக்கணக்கில் க்ளிக் செய்யும். சாவி பூஜ்யம். ஆகவே கிருஷ்ணகிரி, வேலூர், காஞ்சிபுரம் என்று இடையிடையே நம்பகக் கணுக்கள் வைக்கச் சொல்வார்கள். அந்தக் கணு ஒவ்வொன்றிலும் சாவி வெளிப்படையாக, மெமரியில் கிடக்கும். நெடுஞ்சாலை ஓரத்து ஷெல்டருக்குப் பூட்டும் காவலாளும் யார் பொறுப்பு என்பதுதான் அப்போது உங்கள் பாதுகாப்பின் அளவு. பெய்ஜிங்-ஷாங்காய் 2,000 கி.மீ. தடமும் இப்படி 30-க்கும் மேற்பட்ட கணுக்களோடுதான் ஓடுகிறது. அங்கே கணுக்களுக்கு அரசே காவல், நமக்கு அது இல்லை. இரட்டைப் புல முறை என்று 2018-இல் வந்த ஒன்று ஆய்வகத்தில் 1,000 கி.மீ.யைத் தொட்டிருக்கிறது. அது இன்னும் கடைச் சரக்கு ஆகவில்லை.

இங்கே நடக்கும் வேலையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2022 பிப்ரவரியில் டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் பிரயாக்ராஜ்-விந்தியாசல் இடையே 100 கி.மீ.க்கு மேல், ஏற்கெனவே இருந்த வணிக ஃபைபரில் செய்து காட்டின. 2023-இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 6,003.65 கோடி ரூபாய் தேசிய குவாண்டம் திட்டத்தில் நகரங்களுக்கிடையே 2,000 கி.மீ. க்யூகேடி ஒரு இலக்கு. தகவல்தொடர்பு மையம் ஐஐடி மெட்ராஸிலும் கணினி மையம் இங்கே ஐஐஎஸ்சியிலும் இருக்கின்றன. நாட்டுக்கு அது வேண்டிய முதலீடு. உங்கள் அலுவலகத்தின் பட்ஜெட் வேறு விஷயம். அமெரிக்காவின் என்எஸ்ஏ தன் தேசியப் பாதுகாப்பு அமைப்புகளுக்கு க்யூகேடியைப் பரிந்துரைக்கவில்லை. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் பாதுகாப்பு அமைப்புகள் 2024 ஜனவரியில் கூட்டாக, போஸ்ட்-குவாண்டம் மாற்றத்துக்கே முன்னுரிமை என்று எழுதின. இதைக் காட்டினால் விற்பனையாளர் முகம் சுளிப்பார், ஆனால் மறுக்க மாட்டார்.

அப்டேட் பக்கம் எல்லாம் சுகம் என்று இல்லை. அளவுதான் முதல் தலைவலி. எக்ஸ்25519 பொதுச்சாவி 32 பைட். எம்எல்-கெம்-768-க்கு 1,184 பைட், திரும்பி வரும் பொதி 1,088. இரண்டும் கலந்தால், வெப் இணைப்பைப் பூட்டும் டிஎல்எஸ்-இன் முதல் செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகப் பிரியும். முதல் பாக்கெட்டிலேயே முழுச் செய்தியும் இருக்கும் என்று நம்பி எழுதிய பழைய லோட் பேலன்சர், பாக்கெட்டின் உள்ளே துழாவும் டிபிஐ ஃபயர்வால்கள் அதை அப்படியே விழுங்கிவிடும். ஊழியர் பார்ப்பது ‘சைட் ஓப்பன் ஆகல’ என்பதை மட்டும். குரோம் 124, 2024 ஏப்ரலில், இதை இயல்பாகவே இயக்கியபோது பல அலுவலகங்களில் இதுதான் நடந்தது. குரோமில் அம்சத்தை அணைப்பது தீர்வல்ல, நடுவில் இருக்கும் பெட்டியின் ஃபர்ம்வேரை ஏற்றுங்கள்.

இன்னொரு பொறி சத்தமே போடாது. தரம் உறுதியாகும் முன் வந்த கைபர் வரைவும் இறுதி எம்எல்-கெம்மும் ஒன்றோடொன்று பேசாது. டிஎல்எஸ் குழு எண்ணும் வேறு: பழையது 25497, புதியது 4588. ஒரு பக்கம் பழையதும் மறுபக்கம் புதியதும் இருந்தால் இணைப்பு முறியாது, வெறும் எக்ஸ்25519-க்கு இறங்கிக் கமுக்கமாக ஓடும். டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும். பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் சர்வர் பதிலில் 4588 வந்ததா என்று கண்ணால் பார்க்கும் வரை நம்பாதீர்கள்.

விபிஎன்னில் சாவி பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஐகேஇவி2-இன் முதல் செய்தியைத் துண்டாக்க முடியாது. எம்எல்-கெம்-1024-இன் 1,568 பைட்டை அதில் திணித்தால் 1,500 பைட் பாக்கெட் எல்லையில் (எம்டியு) ஐபி அளவில் உடைந்து, வழியில் துண்டுகளை எறிந்துவிடுவார்கள். ஆர்எஃப்சி 9370 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும்படி முதலில் நீள்வட்ட வளைவு, பிறகு இடைச் செய்தியில் எம்எல்-கெம் என்று போவதுதான் வழி. உங்கள் ஃபயர்வால் அந்த ஆர்எஃப்சியை ஆதரிக்கிறதா என்று கேளுங்கள், ‘க்யூ-சேஃப் ரெடி’ என்ற பதிலை ஏற்க வேண்டாம். எஸ்எஸ்ஹெச் பக்கம் வேலையே இல்லை: ஓபன்எஸ்எஸ்ஹெச் 10.0 முதல் எம்எல்-கெம் கலப்பு முறைதான் இயல்பு. ஓபன்எஸ்எஸ்எல் 3.5-இல் மூன்று தரங்களும் உள்ளே இருக்கின்றன, ஜாவா 24-இல் எம்எல்-கெம், எம்எல்-டிஎஸ்ஏ இரண்டும். சான்றிதழ்களுக்கு அவசரம் வேண்டாம். எம்எல்-டிஎஸ்ஏ-65 கையொப்பம் 3,309 பைட், இன்றைய ஈசிடிஎஸ்ஏ 64. இன்று பதிந்து வைத்துக்கொண்டு நாளை கையொப்பத்தை உடைப்பதால் யாருக்கும் பழைய தரவு கிடைக்காது.

இதையெல்லாம் முடித்துவிட்டு, பணமும் மீந்து, நகருக்குள் ஒரு இணைப்புக்குக் க்யூகேடி வாங்குவதென்றால் அதை எம்எல்-கெம்முக்கு மேல் கூடுதலாகவே போடுங்கள், பதிலாக அல்ல. ஐகேஇவி2-இல் வெளிச் சாவியைக் கலக்க ஆர்எஃப்சி 8784 இருக்கிறது. பெட்டியிலிருந்து என்கிரிப்டருக்குச் சாவி வருவது எட்சி 014 என்ற இடைமுகத்தில்: ஒரு முனை சாவியும் அதன் அடையாள எண்ணும் வாங்கும், எண்ணை மட்டும் மறுமுனைக்கு அனுப்பும், மறுமுனை அந்த எண்ணைக் காட்டித் தன் பெட்டியிடம் அதே சாவியை எடுக்கும். இது சாதாரண ஹெச்டிடிபிஎஸ். அந்த ஒரு மீட்டர் கேபிளில் சாவியைக் காப்பது மரபு டிஎல்எஸ்தான் என்பதால் பெட்டியும் என்கிரிப்டரும் ஒரே பூட்டிய ரேக்கில் இருக்க வேண்டும்.

சோதனை ஓட்டத்தைச் சப்ளையரின் ஃபைபர் சுருளில் நடத்த விடாதீர்கள், உங்கள் கேபிளில் இரண்டு வாரமாவது, முடிந்தால் மழைக்காலத்தில். ஒளியை வேண்டிய அளவு மங்கவைக்கும் அட்டனுவேட்டர் ஒன்றை நடுவில் போட்டு ஒவ்வொரு டெசிபெல்லாக ஏற்றி, சாவி எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். இன்றைய இழப்புக்கும் அந்த இடத்துக்கும் நடுவே 3 டெசிபெல்லாவது இல்லாவிட்டால் அடுத்த கேபிள் வெட்டிலேயே இணைப்பு சாகும். பிறகு ஃபைபரைப் பிடுங்கிவிட்டு என்கிரிப்டரைப் பாருங்கள். சேமித்த சாவி தீர்ந்ததும் அது பழைய சாவியையே நீட்டிக்கிறதா, எம்எல்-கெம்முக்கு மட்டும் இறங்கி அலாரம் அடிக்கிறதா, அல்லது எதுவும் சொல்லாமல் வெறும் டிஃபி-ஹெல்மனில் ஓடுகிறதா என்று. மூன்றாவது நடந்தால் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். டிடெக்டர் மாட்யூலுக்கு உதிரி ஊரில் இருக்கிறதா, வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமா என்பதையும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் (ஏஎம்சி) நாள் கணக்கோடு எழுதி வாங்குங்கள்.